கொலை நடந்த ஊரையும் சேர்த்துப் படிப்பது எப்படி? துப்பறியும் நாவலுக்குப் புதியவர்களுக்கான வழிகாட்டி

ஜப்பானில் ஃபுகுவோகாவுக்கு அருகேயுள்ள ஒரு கடற்கரையில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் அருகருகே இறந்து கிடக்கிறார்கள். இருவரும் நஞ்சு அருந்தியிருக்கிறார்கள். காதலர்கள் சேர்ந்து உயிரை மாய்த்துக்கொண்டார்கள் என்று உள்ளூர்க் காவல்துறை கோப்பை மூடத் தயாராகிவிடுகிறது. வயதான துப்பறிவாளர் ஒருவருக்கு மட்டும் ஒரு சிறிய காகிதம் உறுத்துகிறது. இறந்த ஆணிடம் இருந்த, ரயிலில் உணவு பரிமாறும் பெட்டியின் அந்த ரசீதில் ‘ஒருவர்’ என்று எழுதியிருக்கிறது. சாகப் புறப்பட்ட காதலர்கள் ஒரே ரயிலில் வந்திருந்தால், அவர் மட்டும் ஏன் தனியாகப் போய்ச் சாப்பிட்டார்?

செய்ச்சோ மட்சுமோட்டோ எழுதி 1958இல் நூலாக வந்த ‘புள்ளிகளும் கோடுகளும்’ நாவலின் தொடக்கம் இது. காதலர்கள் சேர்ந்து சாவதற்கு ஜப்பானிய மொழியில் ‘ஷின்ஜூ’ என்று தனிச்சொல்லே உண்டு. அதை வைத்து எழுதப்பட்ட நாடகங்களுக்கு முந்நூறாண்டு மரபும் உண்டு. அப்படி ஒரு சொல் தயாராக இருக்கும் ஊரில், இரண்டு உடல்களை அருகருகே பார்த்தவுடன் எல்லோருக்கும் அந்தச் சொல்தான் நினைவுக்கு வரும். வேறோர் ஊரில் இதே காட்சியைப் பார்த்த போலீஸ்காரர் முதலிலேயே கொலையைச் சந்தேகித்திருப்பார். துப்பறியும் நாவலில் ஊர்தான் முதல் சாட்சி. அந்தச் சாட்சியை விசாரிக்காமல் கடந்துபோகும் வாசகர் கொலையாளியின் பெயரைத் தெரிந்துகொள்வாரே தவிர, அந்தக் கொலை ஏன் அங்கே மட்டும் சாத்தியமாயிற்று என்பது அவருக்குப் பிடிபடாது. அந்த விசாரணையை எப்படி நடத்துவது என்பதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் நூலைத் தேர்ந்தெடுத்தல்

முதலில் எடுக்கும் நூல் சிறியதாக இருக்கட்டும். துப்பறியும் நாவலை இடைவெளி விட்டுவிட்டு மாதக் கணக்கில் படிக்க முடியாது. மூன்றாம் அத்தியாயத்தில் யாரோ போகிறபோக்கில் சொன்ன ஒரு வரி இருபதாம் அத்தியாயத்தில் தேவைப்படும்போது அது மறந்துபோயிருக்கும். ஒரு வாரத்துக்குள் முடிக்கக்கூடிய நூலே புதியவருக்கு ஏற்றது. ஆர்தர் கோனன் டாயில் எழுதிய 56 ஷெர்லக் ஹோம்ஸ் சிறுகதைகளில் எதை வேண்டுமானாலும் ஒரே அமர்வில் முடித்துவிடலாம். அதற்கு அடுத்த நிலையில் பாரிஸ் காவல் அதிகாரி மெக்ரே துப்பறியும் ஜார்ஜ் சிமெனோனின் நாவல்கள் இருக்கின்றன. அந்த 75 நாவல்களில் பெரும்பாலானவற்றை இரண்டு மாலைகளில் படித்துவிட முடியும்.

நூலைக் கையில் எடுத்ததும் அது எந்தக் கேள்வியைக் கேட்கிறது என்று பாருங்கள். யார் செய்தது என்று கேட்பவை ஒரு வகை. பூட்டிய அறைக்குள் எப்படிச் செய்தார்கள் என்று கேட்பவை இன்னொரு வகை. கொலையாளியை முதல் அத்தியாயத்திலேயே காட்டிவிட்டு, அவர் எப்படி மாட்டுவார் என்று மட்டும் கேட்கும் தலைகீழ் வகையும் உண்டு. ஆர். ஆஸ்டின் ஃப்ரீமன் 1912இல் வெளியிட்ட கதைத்தொகுதியில் தொடங்கிய இந்த உத்தியை, ஜப்பானிய எழுத்தாளர் கெய்கோ ஹிகாஷினோ 2005இல் ‘சந்தேக நபர் எக்ஸின் அர்ப்பணிப்பு’ நாவலில் எல்லாம் தெரிந்துவிட்டதாக நினைக்கும் வாசகரையே ஏமாற்றும் அளவுக்குக் கொண்டுபோனார். வகை தெரியாமல் படிக்கத் தொடங்கினால், தலைகீழ் நாவலைக் கையில் வைத்துக்கொண்டு, ‘கொலையாளியைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டார்களே, இனி என்ன இருக்கிறது?’ என்று மூடிவைத்துவிடுவோம்.

உம்பர்த்தோ எக்கோவின் ‘ரோஜாவின் பெயர்’ நாவலைத் தயவுசெய்து முதல் நூலாக எடுக்க வேண்டாம். 1327ஆம் ஆண்டு இத்தாலிய மடாலயம் ஒன்றில் நடக்கும் அற்புதமான கதைதான். ஆனால், முதல் நூறு பக்கங்களைச் சுருக்கும்படி பதிப்பகத்தார் கேட்டபோது எக்கோ மறுத்துவிட்டார். மடாலயத்துக்குள் வர விரும்புகிறவர் அதன் நடைக்குப் பழகித்தான் ஆக வேண்டும் என்பது அவருடைய கட்சி. அவர் சொன்னது சரி. அந்தப் பழக்கம் வருவதற்கு முன் நான்கைந்து எளிய நாவல்கள் உங்கள் கையைக் கடந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

விசாரிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது?

புதிய ஊர் ஒன்றுக்குள் நுழைந்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. ஒரு சாவு நடந்தால் அதைப் பற்றிக் கேள்வி கேட்க அங்கே யாருக்கு உரிமை இருக்கிறது, யாருக்கு இல்லை என்பது தெரிந்தால் நாவலில் பாதி முறுக்குகள் தாமாகவே விளங்கிவிடும்.

1920களிலும் 30களிலும் எழுதப்பட்ட இங்கிலாந்து நாவல்களில் கொலை நடந்த சில நாட்களிலேயே ‘இன்குவெஸ்ட்’ என்ற மரண விசாரணை வரும். ‘கரோனர்’ எனப்படும் அதிகாரி அதை நடத்துவார். உள்ளூர் மக்கள் ஜூரியாக உட்கார்ந்திருப்பார்கள். அந்த ஜூரி, இன்னார்தான் கொலை செய்தார் என்று பெயரைச் சொல்லியே தீர்ப்பளிக்க 1977 வரை சட்டம் இடம்கொடுத்தது. ஊர்ப்பகை உள்ள ஒரு கிராமத்தில் சிலர் கூடி ஒருவரைக் கைகாட்டிவிட்டால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். அப்பாவியைக் காப்பாற்றத் துப்பறிவாளர் ஏன் அவ்வளவு அவசரப்படுகிறார் என்பது புரிந்துவிடும். ஸ்காட்லாந்துக்குப் போனால் கரோனரே கிடையாது. சந்தேகத்துக்குரிய சாவுகளை ‘புரொக்கியூரேட்டர் ஃபிஸ்கல்’ என்ற அரசு வழக்குரைஞர் கவனிப்பார். இயன் ரான்கின் எடின்பரோவை வைத்து 1987 முதல் எழுதிவரும், ரீபஸ் என்ற காவல் அதிகாரி துப்பறியும் நாவல்களில் அந்தப் பதவிப்பெயர் அடிக்கடி தலைகாட்டுவதற்குக் காரணம் அதுதான். பாரிஸிலோ, வழக்கை நடத்த ‘விசாரணை நீதிபதி’ ஒருவர் இருப்பார். மெக்ரே ஒருவரிடம் மணிக்கணக்கில் பொறுமையாகப் பேசிக்கொண்டிருக்கும்போது, சீக்கிரம் கைது செய்யும்படி நீதிபதி மேலிருந்து நெருக்கும் காட்சிகள் இந்த ஏற்பாட்டிலிருந்தே பிறக்கின்றன.

இதைவிடக் கூர்மையான எடுத்துக்காட்டு அமெரிக்கப் பழங்குடியான நவாஹோ மக்களின் நிலத்தில் இருக்கிறது. டோனி ஹில்லர்மன் 1970இல் தொடங்கிய வரிசையில் துப்பறிபவர்கள் லீப்ஹார்ன், சீ என்ற இரண்டு நவாஹோ காவல் அதிகாரிகள். ஆனால், அந்த நிலத்தில் கொலை நடந்தால் வழக்கு எஃப்பிஐ கைக்குப் போய்விடும். 1885ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி. மொழியும் வழியும் மனிதர்களும் தெரிந்தவர்களிடம் அதிகாரம் இல்லை. அதிகாரம் இருப்பவர்களுக்கு எதுவும் தெரியாது. நிலப்பரப்போ ஏறக்குறைய 71,000 சதுர கிலோமீட்டர். ஒரு சாட்சியைப் பார்க்க நாள் முழுக்க வண்டி ஓட்ட வேண்டியிருக்கும். போய்ச் சேர்ந்தாலும், மரபைப் பேணும் நவாஹோக்கள் இறந்தவரின் பெயரைச் சொல்லத் தயங்குவார்கள். சாவு நடந்த வீட்டுக்குள் நுழையவும் அஞ்சுவார்கள். ஒரு குடிசையை யாரும் எட்டிப் பார்க்காமல் இருந்தார்கள் என்றால், அதைச் சாட்சிகளின் அலட்சியம் என்று வெளியூர் அதிகாரி எழுதிக்கொள்வார். லீப்ஹார்னோ அதிலேயே ஒரு துப்பைக் காண்பார்.

பழைய சீனத்தில் இந்தக் கேள்விக்கு விடை இன்னும் வேறு. டச்சு நாட்டு ராஜதந்திரியான ராபர்ட் வான் குலிக், ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த டி ரென்ஜியே என்ற உண்மையான அதிகாரியை வைத்து ‘நீதிபதி டீ’ நாவல்களை எழுதினார். அங்கே மாவட்ட நீதிபதியே துப்பறிவாளர். வழக்குத் தொடுப்பவரும் அவர்தான், தீர்ப்புச் சொல்பவரும் அவர்தான். குற்றவாளி தன் வாயால் ஒப்புக்கொள்ளாமல் தண்டனை கொடுக்க முடியாது என்பது சட்டம். ஆகவே தடயம் எவ்வளவு உறுதியாக இருந்தாலும், ஒப்புதல் வாக்குமூலத்தை எப்படி வரவழைப்பது என்பதே கடைசிக் கட்டத்தின் பரபரப்பாகிறது. ‘கொலையாளி யார் என்று தெரிந்த பிறகும் ஏன் இழுக்கிறார்கள்?’ என்று சலித்துக்கொள்ளும் வாசகர் இந்த ஒரு விதியை அறியாதவர்.

எந்த ஆண்டு, எவ்வளவு தொலைவு?

நாவல் எந்த ஆண்டில் நடக்கிறது என்பதை முதல் பத்துப் பக்கங்களுக்குள் கண்டுபிடித்துக் குறித்துக்கொள்ளுங்கள். எழுதப்பட்ட ஆண்டும் நடக்கும் ஆண்டும் வேறாக இருக்கலாம். நமக்கு முக்கியம் நடக்கும் ஆண்டு. லண்டன் ஸ்காட்லாந்து யார்டில் கைரேகைப் பிரிவு 1901இல்தான் தொடங்கியது. ஒரு கறை மனித ரத்தமா விலங்கின் ரத்தமா என்று பிரித்துச் சொல்லும் சோதனையும் அதே ஆண்டில்தான் வந்தது. டிஎன்ஏவைக் கொண்டு ஆளை அடையாளம் காணலாம் என்பது 1984இல் கண்டறியப்பட்டது. ஆகவே 1890களின் லண்டனில் ஒருவர் கைரேகை எடுக்கவில்லை என்றால் கதாசிரியர் மறந்துவிட்டார் என்று பொருளில்லை. 1995இல் நடக்கும் கதையில் டிஎன்ஏ பற்றிப் பேச்சே இல்லை என்றால் மட்டும் சற்று நிமிர்ந்து உட்கார வேண்டும்.

நஞ்சு வரும் நாவல்களில் ஆகதா கிறிஸ்டியை நம்பலாம். முதல் உலகப் போரின்போது மருந்தகத்தில் வேலை பார்த்தவர் அவர். 1920இல் வந்த முதல் நாவலிலேயே நஞ்சைக் கையாண்ட விதத்துக்காக மருந்தியல் இதழ் ஒன்றின் பாராட்டைப் பெற்றார்.

தொலைவு என்பது காவல்துறை வந்துசேர எவ்வளவு நேரமாகும் என்ற கணக்கு. தீவு, பனியில் புதைந்த மாளிகை, நடுவழியில் நின்றுபோன ரயில் என்று எழுத்தாளர்கள் தேடிப்போவதெல்லாம் காவல்துறை வர முடியாத இடத்தைத்தான். இவற்றைச் செயற்கை என்று தள்ளிவிட வேண்டாம். ஓரியன்ட் எக்ஸ்பிரஸ் 1929இல் துருக்கியில் உண்மையாகவே பனியில் சிக்கி நாட்கணக்கில் நின்றது. 1931 டிசம்பரில் கிறிஸ்டி பயணம் செய்தபோதும் வெள்ளத்தால் வழியில் நின்றது. மூன்றாண்டுகளுக்குள் அந்த ரயிலை வைத்து அவர் எழுதிய நாவல் வந்துவிட்டது.

வீட்டின் அமைப்பையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். பூட்டிய அறைக் கொலை என்றால் கல் சுவரும் கனத்த கதவும் தாழ்ப்பாளும் வேண்டும். மரத்தாலும் காகிதத்தாலும் ஆன நகரும் கதவுகள் கொண்ட மரபான ஜப்பானிய வீட்டில் அதை எப்படி நடத்துவது? செய்ஷி யோகோமிசோ 1946இல் எழுதிய ‘ஹொன்ஜின் கொலைகள்’ இந்தச் சவாலைத்தான் எடுத்துக்கொண்டது. திருமண இரவில் மணமக்கள் வெட்டுண்டு கிடக்கிறார்கள். வெளியே பனியில் வாள் ஒன்று குத்தி நிற்கிறது. வந்துபோன காலடித் தடம் மட்டும் இல்லை. ‘ஹொன்ஜின்’ என்பது பெருநிலப் பிரபுக்கள் பயணத்தில் தங்கிச்சென்ற விடுதி; அதை நடத்திய குடும்பத்துக்கு அந்தப் பெருமை தலைமுறைகளுக்குப் பிறகும் போகாது. நாவலின் பெயரிலேயே குடும்பப் பெருமை நிற்கிறது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள். அதற்குமேல் சொன்னால் குட்டு உடைந்துவிடும்.

பெயர்ச்சீட்டு

வேற்று நாட்டு நாவல்களைப் புதியவர்கள் பாதியில் கைவிடுவதற்குப் பெரும்பாலும் பெயர்களே காரணம். ரஷ்ய நாவலில் ஒரே ஆள் மூன்று பெயர்களில் வருவார்; தந்தை பெயரோடு சேர்த்து மரியாதையாக ஒன்று, வீட்டுச் செல்லப்பெயர் ஒன்று, குடும்பப் பெயர் ஒன்று. ஐஸ்லாந்தில் குடும்பப் பெயரே பெரும்பாலும் கிடையாது. ஆர்னால்தூர் இந்த்ரிதாசோன் என்றால் இந்த்ரிதியின் மகன் ஆர்னால்தூர் என்று பொருள், பிரதமராக இருந்தாலும் முதற்பெயரால்தான் அழைப்பார்கள். ஜப்பானியப் பெயர்களில் குடும்பப் பெயர் முன்னால் வரும். சில மொழிபெயர்ப்பாளர்கள் அதை மாற்றிப் போடுவார்கள், சிலர் அப்படியே விடுவார்கள்.

நான் படித்த முதல் ஜப்பானிய நாவலில், ஒரே எழுத்தில் தொடங்கும் இரண்டு பெயர்களை ஒருவருடையதாகவே எண்ணிக்கொண்டு நூற்றைம்பது பக்கங்கள் போய்விட்டேன். நான் சந்தேகப்பட்ட ஆள் ஒரே இரவில் இரண்டு ஊர்களில் இருந்தார். அதுதான் புதிர் என்று வேறு நினைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து புத்தகத்துக்குள் ஒரு துண்டுக் காகிதம் வைத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. ஒருவர் முதன்முறை வரும்போது பெயர், அவருடைய எல்லா அழைப்புகள், இறந்தவருக்கு என்ன உறவு, முதலில் வந்த பக்க எண் ஆகியவற்றை ஒரே வரியில் எழுதுங்கள். பக்க எண் மிகவும் பயன்படும். கடைசி அத்தியாயத்தில் ஒருவர் மாட்டிக்கொள்ளும்போது, அவரை முதலில் எந்த இடத்தில் எப்படி அறிமுகப்படுத்தினார்கள் என்று திரும்பிப் பார்க்கும் சுகமே தனி.

துப்பு எங்கே ஒளிந்திருக்கும்?

ஒரு வாக்குமூலத்தைப் பார்ப்போம். இது எந்த நாவலிலும் இல்லை. விளக்குவதற்காக நானே எழுதியது. பணியாள் சொல்கிறார்:

“எட்டு மணிக்கு ஐயாவுக்கு மருந்து கொண்டுபோனேன். கதவு சாத்தியிருந்தது. ‘வெளியே வைத்துவிட்டுப் போ’ என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். வைத்துவிட்டுத் திரும்பும்போது மாடிப்படியில் டாக்டர் இறங்கிக்கொண்டிருந்தார். அவர் முகம் சிவந்திருந்தது, கை நடுங்கியது. என்னைப் பார்த்ததும் எதையோ பைக்குள் மறைத்தார். பத்து மணிக்குப் போய்ப் பார்த்தேன், மருந்து வைத்த இடத்திலேயே இருந்தது.”

படித்த கையோடு நமக்கு நினைவில் நிற்பவர் டாக்டர்தான். முகமும் கையும் பையும் அவரைச் சுற்றியே வருவதால் சத்தமெல்லாம் அங்கேதான் இருக்கிறது. துப்போ அதற்கு முந்தைய வரியிலேயே வந்து போய்விட்டது. எட்டு மணிக்கு ஐயாவை யாரும் பார்க்கவில்லை. குரலை மட்டும்தான் கேட்டார்கள். அந்தக் குரல் வேறு யாருடையதாகவும் இருந்திருக்கலாம். மருந்தை யாரும் எடுக்கவில்லை என்ற கடைசி வரி அதை உறுதிப்படுத்துகிறது. தேர்ந்த எழுத்தாளர் துப்பைச் சொல்லாமல் விடுவதில்லை. அதைச் சொன்ன அடுத்த நொடியே வேறொரு பக்கம் பட்டாசு கொளுத்திப் போட்டுவிடுவார். ஆகவே ஒரு காட்சி பரபரப்பாக முடிந்தால், அதற்கு முந்தைய நான்கு வரிகளை மெதுவாகத் திரும்பப் படியுங்கள். நீண்ட பட்டியல்களின் நடுவிலும் இதே முறையில் பாருங்கள். மேசைமேல் ஒன்பது பொருள்கள் இருந்தால், முதலாவதும் கடைசியும் கண்ணில் படும், ஐந்தாவது படாது.

இதே வாக்குமூலத்தில் ஊரும் ஒளிந்திருக்கிறது. கதவைத் தட்டாமல் பணியாள் உள்ளே போகக் கூடாது என்ற கட்டுப்பாடு அந்த வீட்டில் இருப்பதால்தான் இந்தத் தந்திரம் பலித்தது. கதவு எப்போதும் திறந்தே கிடக்கும் வீட்டில், யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து பேசிவிட்டுப் போகும் ஊரில், கொலையாளி வேறு வழியைத்தான் தேடியிருப்பார். ஒவ்வொரு சாட்சியத்திலும், ‘இந்த ஊரில் இது வழக்கமான செயலா?’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். மட்சுமோட்டோவின் உணவுப்பெட்டி ரசீதில் அந்த முதிய துப்பறிவாளர் கேட்டதும் இதே கேள்வியைத்தான்.

எங்கே நிறுத்தி யோசிப்பது?

வாசகருக்கும் துப்பறிவாளருக்கும் ஒரே துப்புகள் கிடைக்க வேண்டும் என்ற நியாய ஆட்டக் கொள்கையை 1920களின் எழுத்தாளர்கள் மிகவும் கடுமையாகப் பேசினார்கள். ரோமன் கத்தோலிக்கப் பாதிரியாரான ரொனால்ட் நாக்ஸ் 1929இல் பத்து விதிகளே வகுத்தார். ரகசிய வழி ஒன்றுக்குமேல் கூடாது, துப்பறிவாளருக்குக் கிடைத்த துப்பை வாசகரிடம் மறைக்கக் கூடாது என்பவை அவற்றுள் சில. எல்லெரி குயின் என்ற பெயரில் எழுதிய அமெரிக்கரான ஒன்றுவிட்ட சகோதரர்கள் இருவர் இன்னும் ஒருபடி மேலே போய், முடிவுக்கு முன்னால், ‘தேவையான எல்லாம் உங்களிடம் இருக்கிறது, இப்போது சொல்லுங்கள்’ என்று வாசகருக்கு அறைகூவல் விடுத்தார்கள்.

எல்லா நூல்களிலும் அப்படி ஓர் அறிவிப்பு இருக்காது. ஆனால், துப்பறிவாளர் எல்லோரையும் ஓரிடத்தில் கூட்டச் சொல்லும்போதோ, ‘நான் எவ்வளவு முட்டாளாக இருந்துவிட்டேன்!’ என்று தலையில் அடித்துக்கொள்ளும்போதோ நிறுத்திவிடலாம். பெயர்ச்சீட்டின் பின்புறம் மூன்று வரிகள் எழுதுங்கள்: யார், எப்படி, எந்தத் துப்பு அதைக் காட்டுகிறது. மூன்றாவது வரியை எழுத முடியாவிட்டால் உங்களுடைய விடை வெறும் ஊகம். தற்செயலாகச் சரியாக இருந்தாலும் பெருமைப்பட ஒன்றுமில்லை. நான் பத்துக்கு ஏழு முறை தவறாகத்தான் எழுதுகிறேன்.

எல்லா மரபுகளும் இந்த விதிகளுக்குக் கட்டுப்பட்டவை அல்ல என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். பழைய சீன வழக்குக் கதைகளில் குற்றவாளியைத் தொடக்கத்திலேயே காட்டிவிடுவார்கள். ஆவி வந்து துப்புக் கொடுப்பதும் உண்டு. அமெரிக்காவில் பிங்கர்டன் துப்பறியும் நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டு எழுத வந்த டாஷியல் ஹாமெட்டின் நாவல்களில், கொலையாளி யார் என்பதைவிட நகரத்தை யார் விலைக்கு வாங்கியிருக்கிறார்கள் என்பதே பெரிய கேள்வி. ஸ்வீடனின் மாய் ஷோவால், பெர் வாலோ இணையர் 1965 முதல் 1975 வரை எழுதிய பத்து நாவல்களில் திடீர் ஞானோதயம் எதுவும் கிடையாது. முதல் நாவலில் கால்வாயிலிருந்து எடுக்கப்பட்ட பெண் யார் என்று தெரியவே மாதக் கணக்கில் ஆகிறது. நடுவில் எதுவும் நடக்காத வாரங்களையும் கடக்க வேண்டியிருக்கிறது. அந்தக் காத்திருப்பைக் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். காவல்துறை வேலை உண்மையில் எப்படி நடக்கிறது என்று காட்டுவதே அவர்களுடைய நோக்கம்.

சில எச்சரிக்கைகள்

முன்னுரையைக் கடைசியில் படியுங்கள். பெயர்பெற்ற பழைய நாவல் ஒன்றின் மறுபதிப்பில், அறிஞர் ஒருவர் எழுதிய முன்னுரையின் இரண்டாம் பக்கத்திலேயே கொலையாளியின் பெயர் இருந்தது. எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று அவர் நினைத்திருப்பார். எனக்குத் தெரியாது. பின்னட்டையையும் பாதிக்குமேல் படிக்க வேண்டாம்.

வரிசை நாவல்களை எந்த ஒழுங்கில் படிப்பது என்பதற்குப் பொது விதி இல்லை. மெக்ரேயை எங்கே வேண்டுமானாலும் தொடங்கலாம். ஸ்வீடன் இணையரின் பத்தையும் வரிசையாகத்தான் படிக்க வேண்டும். ஆட்கள் மணமுறிவு கொள்கிறார்கள், பதவி உயர்கிறார்கள், சாகிறார்கள். பொய்ரோ என்ற துப்பறிவாளர் வரும் கிறிஸ்டியின் நாவல்களைக் கலைத்துப் போட்டுப் படிக்கலாம் என்று பலர் சொல்வார்கள். அதில் ஒரு பொறி இருக்கிறது. 1937இல் வந்த ‘ஊமைச் சாட்சி’யில் பொய்ரோ தம் பழைய வழக்குகள் நான்கின் கொலையாளிகளைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறார். அதை மட்டும் தள்ளிவையுங்கள். 1975இல் வந்த ‘திரை’யைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே நாவலுக்கு இரண்டு பெயர்கள் இருக்கலாம் என்பதும் நினைவிலிருக்கட்டும். ஓரியன்ட் எக்ஸ்பிரஸ் நாவல் அமெரிக்காவில் முதலில் ‘கலே பெட்டியில் கொலை’ என்ற பெயரில் வந்தது. வாங்கும் முன் முதல் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தால் ஒரே கதைக்கு இரண்டு முறை காசு கொடுப்பதைத் தவிர்க்கலாம்.

மொழிபெயர்ப்பில் படிப்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சொல் விளையாட்டை நம்பியிருக்கும் துப்பு மொழி மாறும்போது நொண்டும். மொழிபெயர்ப்பாளர் அங்கே ஓர் அடிக்குறிப்புப் போட்டால், அந்தச் சொல் முக்கியம் என்று அவரே விரல் நீட்டிக் காட்டியதாகிவிடும். இதை யாரும் குற்றம் சொல்ல முடியாது. வேண்டுமானால் அடிக்குறிப்பைப் படிக்காமல் கடந்துவிட்டு முடிவுக்குப் பின் திரும்பி வரலாம்.

ஊரை எழுதியவர் யார்?

எச். ஆர். எஃப். கீட்டிங் 1964இல் பம்பாய் இன்ஸ்பெக்டர் கோட்டேயைப் படைத்தபோது இந்தியாவைப் பார்த்ததில்லை. ஏறக்குறையப் பத்து ஆண்டுகள் கழித்துத்தான் வந்து பார்த்தார். வான் குலிக் சீன மொழியையும் சட்ட நூல்களையும் கற்றுத் தேர்ந்தவர். ஹில்லர்மன் நவாஹோ அல்லர், ஆனாலும் அம்மக்கள் அவரைத் தங்கள் நண்பராகச் சிறப்பித்தார்கள். வெளியார் எழுதினால் பொய், உள்ளூரார் எழுதினால் மெய் என்று எளிதாகப் பிரித்துவிட முடியாது. ஆனால், வெளியாரின் ஊரில் விளக்கங்கள் அதிகமாக இருக்கும். உள்ளூர் எழுத்தாளர் எதையும் நின்று விளக்க மாட்டார். சரதிந்து பந்தோபாத்யாய் 1932இல் கல்கத்தாவை வைத்துத் தொடங்கிய கதைகளின் நாயகன் பியோம்கேஷ் பக்ஷி தன்னைத் துப்பறிவாளன் என்று அழைப்பதையே விரும்பாமல் ‘சத்தியான்வேஷி’, அதாவது உண்மையைத் தேடுபவன், என்று சொல்லிக்கொள்வான். அந்தத் தெருக்களுக்கு அவன் வரைபடம் தருவதில்லை. விளக்கம் குறைவாக இருக்கும் இடத்தில் மெதுவாகப் படியுங்கள்.

பழைய நாவல்களில் பிற இனத்தாரைப் பற்றிய இழிவான பேச்சும் வரும். நாக்ஸின் பத்து விதிகளில் ஒன்று, கதையில் சீனர் யாரும் வரக் கூடாது என்கிறது. முதல் பார்வைக்கு வெறுப்பாகத் தெரியும் அந்த விதி, மர்மமான சீன வில்லனை வைத்துப் பிழைத்த மலிவுக் கதைகளைக் குத்திக்காட்டுவதற்காக எழுதப்பட்டது. எல்லா இழிசொற்களுக்கும் இப்படி நல்ல விளக்கம் கிடைக்காது. அப்படிப்பட்ட இடங்களில் நான் ஒன்று செய்வதுண்டு: எல்லோரும் வெறுக்கும் அந்த அந்நியரைச் சந்தேகப் பட்டியலிலிருந்து முதலில் நீக்கிவிடுவேன். கைதேர்ந்த எழுத்தாளர்கள் அந்த வெறுப்பையே திசைதிருப்பப் பயன்படுத்துவார்கள் என்பதால் இது பெரும்பாலும் பலிக்கும்.

ஒரு வழித்தடம்

எங்கே தொடங்கி எப்படிப் போவது என்று கேட்பவர்களுக்கு: ஹோம்ஸ் சிறுகதைகள் ஐந்தாறு, பிறகு மெக்ரே ஒன்று, பிறகு ஓரியன்ட் எக்ஸ்பிரஸ். அதன்பின் ‘புள்ளிகளும் கோடுகளும்’. டோக்கியோ நிலையத்தில் 13ஆம் நடைமேடையிலிருந்து 15ஆம் நடைமேடையைப் பார்க்க ஒரு நாளில் நான்கே நிமிடங்கள்தான் ரயில் மறைக்காமல் இருக்கும் என்பதில் அந்தக் கதை முழுவதும் தொங்கிக்கொண்டிருக்கிறது. கால அட்டவணையைப் பார்த்து மலைக்காமல், நேரங்களைச் சீட்டில் எழுதிக்கொண்டே படியுங்கள். அடுத்து ஸ்வீடன் இணையரின் முதல் நாவல், ஹில்லர்மன் ஒன்று, நீதிபதி டீ ஒன்று, ஹொன்ஜின். இவ்வளவும் ஆன பிறகு எக்கோவின் மடாலயத்துக்குப் போகலாம். அங்கே கடிகாரம் கிடையாது, வழிபாட்டு வேளைகள்தான் நேரம். குற்றம் நடந்தபோது வேறிடத்தில் இருந்தேன் என்று காட்டும் அலிபியைக்கூட மணியோசையை வைத்துத்தான் கணக்கிட வேண்டும்.

இன்னும் தோன்றாத ஊருக்குப் போக விரும்பினால் ஐசக் அசிமோவின் ‘எஃகுக் குகைகள்’ இருக்கிறது; 1954இல் நூலாக வந்தது. எதிர்கால நியூயார்க்கில் மனிதர் ஒருவரும் ரோபோ ஒன்றும் சேர்ந்து துப்பறிகிறார்கள். கற்பனை ஊரில் எதை வேண்டுமானாலும் நடத்திவிடலாம் என்ற சந்தேகத்துக்கு அசிமோவ் கொடுத்த பதில், ரோபோ மனிதருக்குத் தீங்கு செய்ய முடியாது என்பது போன்ற விதிகளை முன்கூட்டியே வாசகர் கையில் கொடுத்துவிட்டதுதான்.

நூலை முடித்ததும் முதல் அத்தியாயத்தை மட்டும் உடனே இன்னொரு முறை படியுங்கள். பதினைந்து நிமிட வேலை. முதல் வாசிப்பில் வெறும் வர்ணனையாகத் தெரிந்த பனியும் வேலியும் ரயில் நேரமும் இப்போது சாட்சிக் கூண்டில் நிற்கும். அதன்பின் புத்தகத்தை யாருக்காவது இரவல் கொடுப்பதாக இருந்தால், உள்ளே இருக்கும் பெயர்ச்சீட்டை மறக்காமல் எடுத்துவிடுங்கள். நான் ஒருமுறை மறந்துவிட்டேன். சீட்டின் பின்புறத்தில் கொலையாளியின் பெயரை எழுதி அடிக்கோடிட்டிருந்தேன். வாங்கிப்போன நண்பர் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. என் விடை தவறு என்பது அவருக்குக் கடைசி அத்தியாயத்தில்தான் தெரிந்ததாம்.